மூழ்கிய கப்பலும் மிதந்த பிரபுவும்

நம் பாடப்புத்தகத்தில் மவுண்ட்பேட்டன் பிரபு வெள்ளைச் சீருடையில், நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு, கடைசி வைஸ்ராயாக நிற்பார். சீருடை கடற்படையுடையது. அவர் கப்பல் ஓட்டிய லட்சணம் மட்டும் புத்தகத்தில் இருக்காது.

பிறந்தது 1900இல், விக்டோரியா மகாராணிக்குக் கொள்ளுப்பேரனாக. அப்பா பேட்டன்பெர்க் இளவரசர் லூயி, பிரிட்டிஷ் கடற்படைக்கே தலைவர். 1914இல் ஜெர்மனியோடு சண்டை மூண்டதும், ஜெர்மன்காரன் கையிலா நம் கப்பல்கள் என்று பத்திரிகைகள் கூச்சல் போட, மனிதர் ராஜினாமா செய்தார். 1917இல் குடும்பப் பெயரையும் மவுண்ட்பேட்டன் என்று மாற்றிக்கொண்டார்கள். அப்பா இறங்கிய நாற்காலியில் ஏறியே தீருவது என்று பிள்ளை மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். (1955இல் ஏறியும் விட்டார்.)

1922இல் எட்வினாவோடு கல்யாணம். வங்கிப் பெரும்புள்ளி எர்னஸ்ட் காசலின் பேத்தி, பணத்துக்குப் பஞ்சமில்லை. தேனிலவுக்கு ஹாலிவுட் போனபோது சார்லி சாப்ளின் மொய்யாக ஒரு குட்டிப் படமே எடுத்துக் கொடுத்தார். பெண்ணின் முத்துமாலையைத் திருட்டுக் கும்பல் குறிவைக்கும் கதை. மாப்பிள்ளையும் நடித்தார். கேமரா மோகம் அதோடு தீர்ந்தபாடில்லை.

அடுத்த உலகப் போரில் 'கெல்லி' என்ற டெஸ்ட்ராயர் கைக்கு வந்தது. 1939 டிசம்பரில் அது கண்ணிவெடியில் மாட்டியது. பழுது பார்த்து வெளியே விட்டால், 1940 மார்ச்சில் சொந்தக் கடற்படையின் 'கூர்க்கா' மீதே போய் முட்டியது. திரும்பவும் பட்டறை. மே மாதம் டார்பிடோ. ஓட்டை விழுந்த கப்பலைத் தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல் கட்டியிழுத்துக் கரை சேர்த்தார்கள். அதைக் கைவிடாத நெஞ்சுரத்துக்கு ஒரு சலாம் போடத்தான் வேண்டும். இதற்கிடையே கப்பலுக்கு ரோஸ் வர்ணம் அடித்தால் விடியலிலும் அந்தியிலும் எதிரி கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு யோசனை. அடித்தும் பார்த்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி போர்க்கப்பல்கள் கொஞ்ச காலம் திரிந்தன.

1941 மே 23, கிரீட் தீவருகே ஜெர்மன் விமானங்கள் கெல்லியை ஒரேயடியாக மூழ்கடித்தன. ஆட்களில் பாதிக்கு மேல் போனார்கள். கேப்டன் நீந்திப் பிழைத்தார். மறு வருஷமே நண்பர் நோயல் கவர்ட் அந்தக் கதையை வைத்துப் படமெடுத்து, தானே கேப்டனாக நடித்தார். கடலில் போன கப்பல் தியேட்டரில் சக்கைப்போடு போட்டது.

அதே 1942இல் வைஸ் அட்மிரல், லெப்டினன்ட் ஜெனரல், ஏர் மார்ஷல் என்று மூன்று படைப் பட்டங்களும் ஒருவருக்கே. ஆகஸ்டில் அவர் பொறுப்பில் நடந்த, பிரான்ஸின் டியெப் துறைமுகத் தாக்குதலில் 900க்கு மேற்பட்ட கனடிய வீரர்கள் செத்தார்கள். அதைக் கேலியாக எழுத எனக்குக் கை வரவில்லை. பதவி மட்டும் ஒரு படிகூட இறங்கவில்லை.

1943இல் கியூபெக் மாநாடு. பனிக்கட்டியில் மரத்தூள் கலந்து மூழ்காத விமானந்தாங்கி கட்டலாம் என்று பிரபு விளக்கினார். மூழ்காத கப்பல் மேல் அவருக்கு ஆசை இருந்ததில் வியப்பென்ன? நிரூபிக்கத் துப்பாக்கியை எடுத்து, பெரிய பெரிய தளபதிகள் நடுவே, கட்டியைப் பார்த்துச் சுட்டார். கட்டி உடையவில்லை. குண்டு எகிறி, அமெரிக்க அட்மிரல் கிங்கின் கால்சட்டையை உரசிக்கொண்டு போனது.

அந்தச் சமயத்தில்தான் அவரைத் தென்கிழக்கு ஆசியாவின் நேச நாட்டுப் படைகளுக்கெல்லாம் தலைவராக்கினார்கள். 1944இல் தலைமையகத்தை டெல்லியிலிருந்து இலங்கைக்கு மாற்றினார். கொழும்பு இருக்கிறது, திருகோணமலைத் துறைமுகம் இருக்கிறது. பிரபு தேர்ந்தெடுத்தது கண்டி, பேராதனைப் பூந்தோட்டம். சுற்றிலும் மலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கப்பல் முட்ட வழியே இல்லை.