வெங்கனில் நான் பார்க்காத போட்டி

சுவிஸில் இத்தனை வருடம் இருந்தும் பனிச்சறுக்குப் போட்டி ஒன்றை நேரில் பார்த்ததில்லை என்று வேலையிடத்தில் வாய்விட்டுவிட்டேன். சமையலறையில் என்னோடு நிற்கிற சுவிஸ்காரனுக்கு அது, திருகோணமலையில் பிறந்தவன் கோணேசர் கோயிலுக்குப் போனதில்லை என்று சொன்னதுபோல இருந்திருக்க வேண்டும். தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை, 2025 ஜனவரி 18, லௌபெர்ஹோர்ன் போட்டிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவதென்று அவனே தீர்மானித்தான். 1930இலிருந்து நடக்கும் போட்டி. உலகக் கிண்ண மலையிறக்கப் பாதைகளில் இதுதான் மிக நீளம்: ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றர், ஆயிரம் மீற்றருக்கு மேல் இறக்கம், இரண்டரை நிமிடத்தில் கதை முடிந்துவிடும். எங்கள் இலங்கைத்துறை முகத்துவாரத்துப் பாறைக்குன்றை மலை என்று நம்பி வளர்ந்தவன் நான்.

"அப்பா, வீட்டில இருந்து ரீவியில பாருங்கோ. அங்க போனா ஒண்டும் தெரியாது" என்றாள் மகள். பள்ளிக்கூட முகாமிலேயே பனிச்சறுக்குப் பழகியவள். நான் கேட்கவில்லை. என் கண்ணைப் பற்றி எனக்கு ஒரு பெருமை. இலங்கைத்துறையில் நாங்கள் கரைவலைக் குடும்பம். கரையில் நின்றபடி தண்ணீரின் நிறத்தை வைத்தே மீன்கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பெரியப்பா சொல்லுவார். அந்தக் கண் எனக்கும் வாய்த்திருக்கிறது என்று மகளுக்கு விளக்கினேன். அவள் பதில் சொல்லாமல் கையுறையை நீட்டினாள். கதவடியில் சப்பாத்துக் கட்டும்போது அதைக் கழற்றி வைத்தவன், வைத்தபடியே போய்விட்டேன்.

சப்பாத்தும் வேலைக்குப் போடுகிறதுதான். எண்ணெய் சிந்திய தரையில் வழுக்காதது பனியில் மட்டும் வழுக்குமா என்பது என் வாதம். வழுக்கும்.

போட்டி நடக்கும் வெங்கன் ஊருக்குக் கார் போகாது. லவுட்டர்புருன்னனிலிருந்து பல்சக்கர ரயிலில் ஏற வேண்டும். பெட்டி முழுக்கச் சிவப்புத் தொப்பி, பெரிய மாட்டுமணி, காலையிலேயே பியர். மேலே இறங்கி நடந்து, ஹுண்ட்சொப்ஃப் என்கிற பாறைக்குக் கிட்ட இடம் பிடித்தோம். பாறைக்கும் வலைக்கும் நடுவிலிருந்து வீரர் வெளிப்பட்டுக் கீழே பாயும் இடம் அது. இதைவிட நல்ல இடம் கிடையாது என்றான் நண்பன். எதிரே ஐகர், மொன்ஹ், யுங்ஃப்ராவ் மூன்றும் அசையாமல் நின்றன. அன்று முழுக்க என் கண்ணுக்கு ஒழுங்காகப் பட்டவை அவைதான்.

முதலாவதாக ஒருவர் வந்து பாய்ந்தார். "ஹொப்! ஹொப்!" என்று தொண்டை கட்டுமளவுக்குக் கத்தினேன். பக்கத்தில் ஒருவரும் கத்தவில்லை. போட்டி தொடங்குவதற்கு முன் பாதையைச் சோதிக்கச் சிலரை இறக்குவார்கள், அவர் அப்படி வந்தவர் என்று நண்பன் தணிந்த குரலில் சொன்னான். அடுத்த சோதனைக்காரருக்கும் கத்தினேன். முந்தினவருக்குக் கத்திவிட்டு இவரை விடுவது சரியில்லையே.

போட்டி தொடங்கியபோது குரல் போய்விட்டிருந்தது. முதலில் பனிக்கட்டியைச் சுரண்டும் சத்தம் வரும். அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு தலைக்கவசம் தெரியும். அதற்குள் ஆள் கீழே போய்விடுவார். பெரிய திரை வைத்திருந்தார்கள். திரையைப் பார்த்தால் நேரில் பாய்கிறவர் தவறுகிறார், பாறையைப் பார்த்தால் திரை தவறுகிறது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில் வானமும் யாரோ ஒருவருடைய தொப்பிக் குஞ்சமும் தெளிவாக விழுந்திருக்கின்றன. பாதையின் மிக வேகமான இடமாவது அதுவா என்றால், அதுவும் இல்லை. அது இன்னும் கீழே, ஹானெக் சரிவில். அங்கேதான் 2013இல் பிரெஞ்சுக்காரர் யோஹான் க்ளாரே மணிக்கு 161.9 கிலோமீற்றரில் போனார். நான் கோட்டைவிட்டது அதைவிட மெதுவாக வந்தவர்களை.

சுவிஸ் வீரர் மார்கோ ஓடெர்மாட் வரப்போகிறார் என்று ஒலிபெருக்கி அலறியபோது நான் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தேன். விறைத்த விரலுக்கு மூடி மசியவில்லை. மசிந்த நேரத்தில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. தேத்தண்ணி முழங்காலில் கொட்டியது. நிமிர்ந்தபோது பனித்தூள் மட்டும் பறந்துகொண்டிருந்தது. ஓடெர்மாட்தான் வென்றார். இரண்டாவதும் சுவிஸ்காரர், ஃப்ரான்யோ ஃபொன் அல்மன். மூன்றாவது ஸ்லோவேனியாவின் மிகா ஹ்ரோபாட். நண்பன் என்னைக் கட்டிப்பிடித்து, "பார்த்தாயா?" என்று கேட்டான். "பார்த்தேன்" என்றேன். மனிதன் அவ்வளவு சந்தோசத்தில் நிற்கும்போது வேறென்ன சொல்வது?

இறங்கும்போது பெரும்பகுதி குந்தியபடியே இறங்கினேன். அதை விவரிக்கத் தேவையில்லை.

இரவு ரீவியில் மறுஒளிபரப்பை முழுதாகப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் ஊரிலிருக்கும் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன். பாறையால் பாய்ந்ததை, ரயில் பாலத்துக்குக் கீழே புகுந்ததை, கடைசி வளைவில் கால் நடுங்கியதை எல்லாம் பக்கத்தில் நின்றவன்போல் சொன்னேன். மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாரும் ஒண்டாவோ இறங்கிறது?" என்றார்.

"இல்லை, ஒவ்வொருத்தராத்தான்."

"அப்ப ஆர் முந்தினதெண்டு நீ எப்பிடிக் கண்டாய்?"

அங்கே அடுத்தவனோடு ஓடுவதில்லை, மணிக்கூட்டோடுதான் ஓடுகிறார்கள் என்று தொடங்கினேன். "அப்ப மணிக்கூட்டைப் பாக்கத்தான் உவ்வளவு தூரம் போனனியோ?" என்றார். மகள் தொலைபேசியை வாங்கி, விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை எப்படி அளக்கிறார்கள் என்று மாமாவுக்கு ஒழுங்காக விளக்கினாள். "அடுத்த முறை அப்பாவை விட்டுட்டு நீ போ பிள்ளை" என்றார் மச்சான்.

"நான் போகமாட்டன் மாமா," என்றாள். "ரீவியில வடிவாத் தெரியும்."