உபகாரச் சம்பளமும் தீர்க்கதரிசனமும்

பிள்ளையின் மேற்படிப்புக்குப் பணம் வேண்டுமே என்ற ஞானம், அவன் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மே மாதத்தில்தான் தகப்பனுக்கு உதயமாகிறது என்பது நம் தமிழ்நாட்டுச் சம்பிரதாயம். ஆனால் உபகாரச் சம்பளம் சம்பந்தமான விதிகளைச் சாவதானமாக வாசிக்கிறவர்களுக்கு, அந்த ஞானம் பல வருஷங்களுக்கு முன்பே உதித்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வில் தேறுகிற ஏழைப் பிள்ளைக்கு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய் கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதற்கொண்டே அரசுப் பள்ளியில் படித்து வந்தவனுக்கோ, பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடஒதுக்கீடும், அதில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்றுக்கொள்ளும் பாக்கியமும் உண்டு. கழுத்தில் டை கட்டிய மகனைத் தரிசிக்கும் ஆனந்தத்துக்காக மெட்ரிக்குலேஷன் பள்ளியில் சேர்க்கிற பெற்றோர், பணத்தோடு இந்தத் தகுதியையும் சேர்த்தே கட்டிவிட்டு வருகிறார்கள்.

இவையெல்லாம் தகப்பனின் தீர்க்கதரிசனத்துக்கு உட்பட்ட விஷயங்கள். முதல் பட்டதாரிச் சலுகை அப்படியல்ல. குடும்பத்தில் உடன்பிறந்தோரும் பெற்றோரும் மட்டுமின்றி, இருவழிப் பாட்டன் பாட்டிமாரும் பட்டம் பெறாதிருக்க வேண்டும் என்கிறது விதி. என் தகப்பனாரைப் பெற்றவரோ, பேரன் பிள்ளைகளின் கதியைக் கிஞ்சித்தும் சிந்தியாமல், வெள்ளைக்காரன் காலத்திலேயே பி.ஏ. தேறிவிட்டார். அதனால் அவர் அடைந்த லாபம், ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதும் உத்தியோகமும், கறுப்பு அங்கியில் எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படமுமே. என் தம்பிக்காக நாங்கள் மனுச்செய்தபோது விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர், “வீட்ல பெரியவங்க யாராச்சும் படிச்சிருக்காங்களா?” என்று வினவ, எங்கள் தகப்பனார் வாயைத் திறப்பதற்குள், பாட்டி உள்ளேயிருந்து, “பி.ஏ. தம்பி! அந்தக் காலத்து பி.ஏ.!” என்று கணவரின் கீர்த்தியை முழங்கிவிட்டாள். அலுவலர் பேனாவை மூடினார். காபியை மாத்திரம் மிச்சம் வைக்காமல் அருந்தினார்.

எஞ்சியது கல்விக் கடன். 4 லட்சம் ரூபாய் வரை பாங்கியில் ஈடு கேட்பதில்லை; படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதுமில்லை. ஆயினும் தகப்பனும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டியிருப்பதால், மகனின் மதிப்பெண்ணோடு தகப்பனின் சிபில் மதிப்பெண்ணையும் பார்க்கிறார்கள். என்றோ வாங்கிய ஸ்கூட்டருக்குத் தவணை தவறியவர், எந்தப் பரீட்சைக்கும் போகாமலே அங்கே தோற்றுவிடுகிறார்.

இவ்வளவும் கேட்டு, நாளைக்கே எல்லாச் சான்றிதழ்களையும் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கப் புறப்படும் உத்தமர்களுக்கு ஒரு வார்த்தை: வருமானச் சான்றிதழின் ஆயுள் ஓராண்டுதான். பத்தாம் வகுப்பில் வாங்கியது கலாசாலை வாசலில் செல்லாது. ஆதலால் பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாளே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் அங்கே நிற்க இடமிராது.