எக்ஸுக்குப் பத்துப் பொருத்தம்

எந்தெந்த எண்களைப் போட்டால் ஒரு சார்பு முரண்டு பிடிக்காமல் விடை தருகிறதோ, அந்த எண்களின் கணமே அதன் மதிப்பகம். கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் யார் வந்தாலும் முகம் சுளிப்பதில்லை. கனமூலமும் சாது; −8 வந்து நின்றாலும் −2 என்று சொல்லி அனுப்பிவிடும். பெரும்பாலும் முரண்டு பிடிப்பவை பின்னமும் வர்க்கமூலமும்தான். முன்னதற்குப் பகுதியில் பூஜ்யம் ஆகாது. பின்னதற்கு உள்ளே குறை எண் ஆகாது.

பூஜ்யத்தால் வகுப்பது மேதைகளையே படுத்தியிருக்கிறது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று 628-இல் பிரம்மகுப்தர் எழுதினார். எந்த எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் அது மாறாமல் அப்படியே இருக்கும் என்றார் 9ஆம் நூற்றாண்டின் மகாவீரர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அதை முடிவிலி ஆக்கினார். இன்றைய கணிதம் வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டது. 6-ஐ 0-ஆல் வகுத்து ஓர் எண் வருமானால், அந்த எண்ணை 0-ஆல் பெருக்கும்போது 6 திரும்ப வர வேண்டும். பூஜ்யத்திடம் போனது எதுவும் அப்படித் திரும்பியதில்லை. 1997-இல் யார்க்டவுன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் கணினியில் ஒருவர் பூஜ்யம் ஒன்றை உள்ளிட்டார். அதனால் வகுக்கப்போன கணினி திணறி, உந்துவிசை நின்று, கப்பல் கடலில் அசையாமல் கிடந்தது. எதிரிக்கு ஒரு குண்டுகூடச் செலவில்லை.

வர்க்கமூல விஷயத்தில் மகாவீரர் தெளிவாக இருந்தார்: குறை எண் எதற்கும் வர்க்கம் ஆகாது, ஆகவே அதற்கு மூலமும் இல்லை. 1545-இல் இத்தாலியின் கார்டானோ −15-இன் வர்க்கமூலத்தைத் துணிந்து பயன்படுத்திக் கணக்குப் போட்டார். இதனால் பயன் எதுவும் இல்லை என்றும் கையோடு எழுதிவைத்தார். அந்த வழி கலப்பெண்களுக்குப் போகிறது. பள்ளியின் மதிப்பகக் கணக்குகள் மெய்யெண்ணோடு நின்றுகொள்வதால் மகாவீரர் சொன்னதே இங்கே சட்டம்.

மதிப்பகம் காண்பதன் முதல் விதி, சார்பை எழுதியிருக்கிறபடியே பார்ப்பது. (எக்ஸ்² − 4) / (எக்ஸ் − 2) என்பதைக் கண்டதும் கை பரபரத்து, அடித்துச் சுருக்கி, எக்ஸ் + 2 என்று எழுதிவிடும். விடை அழகாக இருக்கும். 2 மட்டும் இலவசமாக உள்ளே வந்துவிடும். சுருக்குவதற்கு முன் பகுதியைப் பூஜ்யமாக்கிய எண், சுருக்கிய பிறகும் விலக்கப்பட்டதே.

இரண்டாவது, நிபந்தனைகளை எழுதுவது. பின்னம் இருந்தால், பகுதி பூஜ்யமாகக் கூடாது. வர்க்கமூலம் இருந்தால், உள்ளிருப்பது பூஜ்யமாகவோ மிகை எண்ணாகவோ இருக்க வேண்டும். வர்க்கமூலமே பகுதியில் உட்கார்ந்திருந்தால் இரண்டு கெடுபிடியும் சேர்ந்துகொள்ளும்: உள்ளிருப்பது மிகை எண்ணாக மட்டுமே இருக்கலாம். ஐன்ஸ்டைனின் சார்பியலில் வரும் ஒரு சூத்திரம் இப்படிப்பட்டது. வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 1-இலிருந்து கழித்து, அதன் வர்க்கமூலத்தைப் பகுதியில் வைக்கிறது. ஒளியின் வேகத்தைத் தொட்டால் பகுதி பூஜ்யம். தாண்டினால் உள்ளே குறை எண். நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்ற அந்த வரம்புக்குள் நிற்பவற்றுக்குத்தான் சூத்திரம் வாய் திறக்கும்.

மூன்றாவது, நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் எண்களை மட்டும் எடுப்பது. ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தால் ஜோசியர் முகூர்த்தத்துக்கு நாள் குறித்துவிடுவார். இங்கே ஒன்று தட்டினாலும் சம்பந்தம் முறிந்தது. √(எக்ஸ் − 2) / (எக்ஸ் − 5) என்பதில் வர்க்கமூலம் 2-உம் அதற்கு மேலும் கேட்கிறது. பின்னம் 5 வேண்டாம் என்கிறது. ஆக, 2 முதல் மேலே, 5 நீங்கலாக. √(3 − எக்ஸ்) + √(எக்ஸ் − 3) என்பதில் தேறுவது 3 ஒன்றே. √(3 − எக்ஸ்) + √(எக்ஸ் − 7) இன்னும் பரிதாபம். 3-க்கு மேல் போகாத, 7-க்குக் கீழே இறங்காத எண் வேண்டுமாம். அப்படி ஒன்று பிறக்கவே இல்லை. மதிப்பகம் வெற்றுக் கணம்.

வர்க்கமூலத்துக்குள்ளேயே பின்னம் இருந்தால் குறி பார்ப்பது நல்லது. √((எக்ஸ் − 3) / (எக்ஸ் − 5)) என்பதற்கு எண் கோட்டில் 3, 5 இரண்டையும் குறித்து, மூன்று துண்டுகளிலும் ஆளுக்கு ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். 1-ஐப் போட்டால் மேலும் கீழும் குறை எண். வகுத்ததும் மிகை எண், உள்ளே வரலாம். 4-ஐப் போட்டால் ஒன்று மிகை, ஒன்று குறை, அனுமதி இல்லை. 6-க்குத் தடையில்லை. எனவே 3-உம் அதற்குக் கீழும், 5-க்கு மேலும். இதையே √(எக்ஸ் − 3) / √(எக்ஸ் − 5) என்று பிரித்து எழுதினால் 5-க்கு மேற்பட்டவை மட்டுமே மிஞ்சும். கூட்டாக இருந்தபோது ஒன்றை ஒன்று காப்பாற்றிய குறை எண்கள், பாகம் பிரித்ததும் தனித்தனியே மாட்டிக்கொள்கின்றன.

கடைசி வேலை, விடையை இடைவெளிகளாக எழுதுவது. முனை எண் சேர்ந்தால் சதுர அடைப்பு, சேராவிட்டால் வளைவு அடைப்பு. முடிவிலியின் பக்கம் எப்போதும் வளைவு அடைப்பே, ஏனெனில் அது எண் இல்லை. மேலே பார்த்த √(எக்ஸ் − 2) / (எக்ஸ் − 5) என்பதன் மதிப்பகம் [2, 5) ∪ (5, ∞). கணக்கை எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு அடைப்பில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு. முனையில் இருக்கும் எண்ணைச் சார்பில் ஒருமுறை போட்டுப் பார்த்தால், எந்த அடைப்பு என்பதைச் சார்பே சொல்லிவிடும்.