பின்செலவியல்

காரை ரிவர்ஸ் எடுக்கையில் நேரும் இடிகளையும், அவற்றில் பழி யாரைச் சேரும் என்பதையும் கூறுவது இவ்வியல். செலவு என்பதற்குப் போதல் என்றும் பொருள், பணம் கரைதல் என்றும் பொருள். பின்னால் போகும்போது இரண்டும் சேர்ந்தே நிகழ்வதால் இப்பெயர் பெற்றது என்க.

சட்டம் இதில் அதிகம் குழம்புவதில்லை. பின்னால் யாருக்கும் ஆபத்தோ இடைஞ்சலோ நேராது என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஓட்டுநர். ஆகவே முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழும். (பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டு விதிகள், தேவைக்கு மேல் பின்னோக்கி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, ரோடு ரோலருக்கு விலக்கு அளிக்கின்றன. அது பின்னால் வந்தால் ஒதுங்குவது நம் பொறுப்பு போலும்.)

இனி வகைகள். நின்றதை இடித்தல் எளிது. மின்கம்பம், எதிர்வீட்டு கேட், குப்பைத்தொட்டி ஆகியன இதன்பாற்படும். "இங்க கொண்டுவந்து எவன் கம்பத்தை நட்டது?" என்பது இதற்குரிய மரபுத்தொடர்.

வந்ததை இடித்தல் சற்றே நுட்பமானது. வெள்ளை விளக்கு எரிவதைப் பார்த்த பிறகும், காருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இரண்டடியில் ஸ்கூட்டரை நுழைப்பவர் உண்டு. வழக்கு என்று போனால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கவனக்குறைவை இருவருக்கும் சதவீதம் போட்டுப் பிரிக்கலாம். தெருவில் கூடும் தீர்ப்பாயம் கணக்கில் அவ்வளவு தேர்ந்ததன்று. பெரிய வண்டிக்கு நூறு.

இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் பின்னால் வந்து முட்டிக்கொள்வது கல்யாண மண்டப வாசலில் காணப்படும். இருவரும் "நான் நின்னுட்டேன் சார், நீங்கதான் வந்தீங்க" என்பர். இங்கே துணைக்கு வருவது இலக்கணம். தன் கார் என்றால் "இடிச்சிருச்சு" என்று அஃறிணை. அடுத்தவர் கார் என்றால் "இடிச்சிட்டீங்க" என்று முன்னிலை. "இடிச்சிட்டேன்" என்ற தன்மை வினைமுற்றுக்கு வழக்கில் சான்று கிடைக்கவில்லை.

எதிலும் அடங்காதது, பிறர் சொல்கேட்டு இடித்தல். இதற்குக் காரணர் டீக்கடையில் நிற்பார். யாரும் அழைக்காமலே வந்து, டிக்கியைத் தட்டியபடி, "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடிச்சு, வரட்டும்" என்பார். பிறகு 'டம்' என்று ஒலிக்கும். அதன் பிறகே "போதும்" வரும். ஸ்டியரிங் ஓட்டுநர் கையில் இருப்பதால் இவரைச் சட்டம் சீண்டுவதில்லை. பொறுப்பே இல்லாத இத்தனை அதிகாரம் வேறெந்தப் பதவிக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

உதாரணம் உரையாசிரியனே. 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். என் காரிலும் இருக்கிறது. அன்று அது விடாமல் கூவியது. தயங்கினேன். "அது அப்படித்தான் சார் கத்தும், நீங்க வாங்க" என்றார் அவர். போனேன். டெயில் லேம்ப் உடைந்தது. கிளைம் போட்டால் ஐந்து வருஷமாகச் சேர்ந்த 50 சதவீத நோ-கிளைம் போனஸ் போய்விடும் என்பதால் கைக்காசுதான். அவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைக்காமலே குனிந்து பார்த்தார்.

"சென்சார்தான் இருக்குல்ல சார், பாத்து வரக் கூடாதா?"