நல்ல காரியம், தம்பி!

ஈப்போவில் உருமி மேளக் குழு வைத்திருப்பவனுக்கு வருகிற அழைப்பில் பாதி, "தம்பி, நல்ல காரியம்" என்றுதான் தொடங்கும். அந்தச் சொல் வந்துவிட்டால் சம்பளம் கிடையாது என்று பொருள். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தாயிற்று. சனங்களும் டவுனுக்குப் போயாயிற்று. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டும் தோட்டத்திலேயே நிற்கின்றன. அவற்றுக்குக் கூரை வேண்டும், கூரைக்கு நிதி திரட்ட விருந்து, விருந்துக்கு மேளம். மறுக்க வாய் வராது.

ஆனால் கூடாரக்காரருக்குக் காசு, சமையல்காரருக்குக் காசு, ஒலிபெருக்கிக்கு முன்பணம். புண்ணியம் மட்டும் மேளக்காரனுக்கு. கூடவே ஒரு பொன்னாடை. என் அலமாரியில் பதினேழு கிடக்கின்றன. ஒன்றில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை: பன்னிரண்டு வெள்ளி.

2018 ஜனவரியில் தென்னிந்திய நடிகர் சங்கம் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நட்சத்திர விழா நடத்தியது, தன் சொந்தக் கட்டடத்துக்கு நிதி திரட்ட. கலைஞன் தனக்காகவும் கையேந்தலாம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது வருடத்துக்கு இரண்டு நிகழ்ச்சி இலவசம். மற்றவர்களுக்கு முழுத் தொகைக்கும் பில் எழுதி, கீழே 'நன்கொடையாகக் கழித்தது பாதி' என்று போடுகிறேன். நன்கொடை தரும் டத்தோவின் ஆளுயரக் காசோலையோடு இந்த வரியையும் மேடையில் வாசிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

போன மாதம் ஒரு தலைவர் பில்லைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, "வேன் எண்ணெய்க் காசு மட்டும் எவ்வளவு, தம்பி?"