பொறி பறக்கும், தீ பிடிக்குமா?

கேள்வி: கனடாவில் மழை ஓய்ந்த காட்டுக்குள் முகாம் போடப்போகிறோம். தீப்பெட்டி இல்லாமல் வெறும் பொறியிலேயே நெருப்பு மூட்ட முடியுமா?

பதில்: பொறிக்கா பஞ்சம்? ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-இல் காப்புரிமை வாங்கிய ஃபெரோசீரியம் குச்சியை (லைட்டர் கல்லும் அதே சரக்குதான்) கத்தியின் முதுகால் அழுத்திச் சுரண்டினால், சுமார் 3,000 டிகிரிச் சூட்டில் பொறி கொட்டும். அதை ஏந்திக்கொள்ளத்தான் ஆள் வேண்டும். விழுந்து கிடக்கும் பிர்ச் மரத்தின் பட்டையைத் தேடுங்கள். எண்ணெய்ப்பசை உள்ளதால் ஈரத்திலும் எரியும். துடைத்துவிட்டு, பஞ்சு மாதிரி சுரண்டிக் குவித்து, பொறியை அதில் இறக்குங்கள். விறகைத் தரையில் பொறுக்காதீர்கள். நின்றபடியே பட்டுப்போன மரத்தைப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். இதற்குள் கூட வந்தவர்களின் வயிறு எரிய ஆரம்பித்திருக்கும். பைக்குள் ஒரு லைட்டர் இருக்கட்டும், யாரிடமும் சொல்லாமல்.