சில்வர் பெயிண்ட் அடிக்காதீங்க!

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்களுக்கே அது சரி. அதிலும் சேவை வந்தால் வரும், நின்றால் நிற்கும். எங்கள் வீட்டு ஷோகேஸில் அந்த வம்பே இல்லை. ஏர் பிரான்ஸின் சூப்பர் கான்ஸ்டலேஷனும் காரவெல்லும் வருஷம் முழுக்கத் தரையிறங்கியே நிற்கின்றன. "ஏர்போர்ட்டுல இல்லாத பிளேனெல்லாம் நம்ம வீட்டுல இருக்கு. திருப்பதிக்குப் போக மட்டும் வழியக் காணோம்" என்பது மனைவியின் நிரந்தர அறிக்கை.

எல்லாம் டிங்கி டாய்ஸ். லிவர்பூலிலும் பாரிஸை ஒட்டிய பொபினியிலும் மெக்கானோ கம்பெனி அச்சில் வார்த்த உலோகப் பொம்மைகள். புதுச்சேரி நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16. கோப்பு நகர ஏறக்குறைய எட்டு வருஷம் என்பது நம் ஊர் கணக்கில் வேகம்தான். அந்த இடைவெளியில்தான் பொபினியில் இந்த ஏர் பிரான்ஸ் விமானங்கள் பிறந்தன. லீவுக்கு வந்த சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களின் பெட்டியில் இங்கே வந்து, பிள்ளைகள் வளர்ந்ததும் பரணேறி, கடைசியில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே என் கண்ணில் பட்டவை சில.

அங்கே வாங்க ஒரு நடிப்பு வேண்டும். முதலில் பூட்டை விலை கேட்க வேண்டும். பிறகு போகிறபோக்கில், "இது என்ன, தகரமா?" கண் மட்டும் விரியக் கூடாது, விரிந்தால் விலையும் விரியும். கடைக்காரருக்கு எல்லாமே "பிரான்ஸ் அயிட்டம் சார்". திருப்பிப் பார்த்தால் அடியில் நிக்கி என்றிருக்கும். அது கல்கத்தா சரக்கு. டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கி அங்கே எஸ். குமார் கம்பெனி வார்த்தது. எனக்கு அதுவும் இஷ்டம்தான். ஆனால் பிரான்ஸ் விலைக்கு அல்ல.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புளியோடு தயாராக நிற்பார். "தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்டா." பித்தளைக்குச் சரி. இதுவோ துத்தநாகத்தில் கொஞ்சம் அலுமினியம் சேர்ந்த கலவை. புளியின் அமிலம் அதை அரிக்கும். காஸ்டிக் சோடாவும் அரிக்கும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும்.

காரவெல்லுக்கு ஜெட் எஞ்சின் என்பதால் உடைந்துபோக விசிறியே கிடையாது. உத்தமமான விமானம். கான்ஸ்டலேஷனுக்கு விசிறி நாலு. கிடைக்கும்போது மூன்றுதான் இருக்கும். தெரிந்த நகை ஆசாரி ஒருவர், மெல்லிய அலுமினியத் தகட்டில் மூன்று இதழ் வெட்டி, நுனியை உருட்டித் தேய்த்து, கடுகளவு ஆணியில் கோத்துக் கொடுத்தார். ஊதினால் சுற்றுகிறது.

"பறக்குமா சார்?"

"பறக்காது."

"அப்புறம் எதுக்கு?"

கூலி கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

விசிறி போனால் ஆசாரி இருக்கிறார். ஜிங்க் பெஸ்ட் வந்தால் யாரும் இல்லை. வார்க்கும்போது துளி ஈயம் கலந்திருந்தால் போதும். பல வருஷம் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே விரிந்து, இறக்கை கோணி, ரஸ்க் மாதிரி உதிரும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய பொம்மைகளில் இது அதிகம். ஈரக்காற்று சீக்கிரமாக்கும். நாமோ கடற்கரையில் குடியிருக்கிறோம். அதனால் சொந்தக்காரர்கள் யார் ஷூ வாங்கினாலும், பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் எனக்கு என்று ஏற்பாடு. புது ஷூ எப்படி என்று நான் கேட்பதில்லை என்று அவர்களுக்கு வருத்தம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதவர்கள் நண்பர்கள். "ஒரு டப்பா சில்வர் ஸ்பிரே அடிச்சா புதுசு மாதிரி ஆயிடுமே!" பழைய சுவர் கண்டால் மஞ்சள் அடிக்கும் ஊர்; கை சும்மா இருக்காது. உதிர்ந்திருந்தாலும் முதல் பெயிண்டுக்குத்தான் மதிப்பு. மேலே அடித்துவிட்டால் சேகரிப்பவர்கள் பாதி விலைக்கும் தொட மாட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் கனமான குட்டி விமானம் ஏதாவது கிடந்தால் புளி வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், காயலான் கடையும் வேண்டாம். முதலில் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அட்டைப்பெட்டியும் இருந்தால் அதையும் எறிந்துவிடாதீர்கள். சமயத்தில் பெட்டிக்கே பொம்மையளவு விலை.